பாடநூலில் ஒரு பத்தி: கிளிஃபர்ட் பியர்ஸ்

ஆலோசனைத் துறையில் பயிலும் மாணவர்களுக்கு முதலாண்டிலேயே அறிமுகமாகும் பெயர்களுள் இரண்டு முக்கியமானவை. ஒருவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டி நிலையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ். மற்றவர் கிளிஃபர்ட் பியர்ஸ். பார்சன்ஸுக்குப் பாடநூலில் பல பக்கங்கள் உண்டு. பியர்ஸுக்கோ ஒரே ஒரு பத்திதான். மனநோயாளியாக இருந்தார், குணமடைந்தார், நூல் எழுதினார், இயக்கம் கண்டார் என்று அது முடிந்துவிடும். அந்தப் பத்தியில் 'குணமடைந்தார்' என்ற சொல் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. நான் ஜொகூரில் பிறந்து வளர்ந்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் 'தம்போய்' என்பது இடப்பெயர் மட்டுமன்று. 1937ஆம் ஆண்டில் அங்குத் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று பெர்மாய் மருத்துவமனை என்று பெயர். ஆனாலும் தமிழ்ப்பள்ளித் திடலில் பந்து விளையாட்டில் சண்டை மூண்டால், உன்னைத் தம்போய்க்குத்தான் அனுப்ப வேண்டும் என்று ஏசிக்கொள்வோம். பேராக்கில் வளர்ந்த நண்பர்கள் இதே ஏச்சுக்குத் தஞ்சோங் ரம்புத்தானைப் பயன்படுத்துவார்களாம். பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு படித்தபோது எனக்கு மனச்சோர்வு நோய் உள்ளதென்று மருத்துவர் கூறி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அன்று எனக்கு நினைவில் வந்தது அந்தத் திடல்தான். பிறர் துயரைக் கேட்டு ஆற்றும் தொழிலுக்குப் படிக்கிறேனே, இனி அதற்கு எனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வி அடுத்து வந்தது. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று என் அத்தை அன்போடுதான் சொன்னார். அதன் பிறகே பியர்ஸின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன்.

பியர்ஸ் 1876இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள நியூ ஹேவன் நகரில் பிறந்தார். 1894இல் அவருடைய அண்ணன் ஒருவருக்கு வலிப்பு நோய் கண்டது. தமக்கும் அந்நோய் வந்தே தீரும் என்ற அச்சம் அன்றுமுதல் பியர்ஸைப் பற்றிக்கொண்டது. இருந்தும் 1897இல் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, வேலைக்கும் சென்றார். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அவர் கெட்டிக்கார இளைஞர். ஆறாண்டுகள் அந்த அச்சத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை எனலாம். 1900 ஜூன் மாதத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். உயிர் தப்பியது; கால் எலும்புகள் முறிந்தன.

அதன்பின் அவரது மனம் ஒரு கதையைப் புனைந்துகொண்டது. தற்கொலைக்கு முயன்ற குற்றத்திற்காகத் தம்மைக் காவல் துறை கண்காணிக்கிறது, பார்க்க வருவோர் எல்லாம் உறவினர் வேடமிட்ட உளவாளிகள் என்று அவர் நம்பினார். இது முழுதும் பித்துப் பேச்சு என்று நாம் சிரித்துவிட முடியாது. நம் நாட்டிலும் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

இரண்டாண்டுகளுக்கு மேலாகத் தம் உடன்பிறந்த ஜார்ஜையே போலி என்று அவர் எண்ணி வந்தார். ஜார்ஜோ வருவதை நிறுத்தவேயில்லை. அந்தக் கதை உடைந்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹார்ட்ஃபர்ட் நகர மருத்துவமனையில் உடனிருந்த நோயாளி ஒருவர், வெளியே சென்றபோது முகவரிப் புத்தகத்தைப் பார்த்து, வருபவர் உண்மையான ஜார்ஜாக இருக்கக்கூடும் என்றார். பியர்ஸ் உடனே ஜார்ஜின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த முறை வரும்போது அதே கடிதத்தைக் கையில் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. போலியாக இருந்தால் அந்தக் கடிதம் எப்படி அவன் கைக்குப் போகும்? 1902 ஆகஸ்ட் 30ஆம் நாள் ஜார்ஜ் கடிதத்தோடு வந்து நின்றார். பியர்ஸின் சந்தேகம் அந்தக் கணமே விலகியது. மருத்துவர்கள் செய்யாத சோதனையை ஒரு நோயாளியின் யோசனையும் ஓர் அஞ்சல்தலையும் செய்து முடித்தன!

ஆனால் பாடநூல் சொல்வதுபோல் அத்தோடு அவர் குணமடைந்துவிடவில்லை. அடங்கிக் கிடந்த மனம் இப்போது எதிர்த்திசையில் பொங்கியது. ஓயாமல் பேசினார், எழுதினார், பணியாளர்களோடு மல்லுக்கு நின்றார். கைகளைப் பிணைத்துக் கட்டும் சட்டையை அவருக்கு மாட்டினார்கள். பின்னர் மிடில்டவுன் அரசு மருத்துவமனையில், முரட்டு நோயாளிகளை அடைக்கும் பகுதியில் குளிர் நிறைந்த அறையில் கிடந்தார், அடியும் வாங்கினார். அங்கிருந்தே மாநில ஆளுநருக்குக் கடிதம் எழுதினார். 1903 செப்டம்பரில் வெளியே வந்து மீண்டும் அலுவலக வேலையில் சேர்ந்தார்.

1904ஆம் ஆண்டின் இறுதியில் மனநல மருத்துவமனைகளைச் சீர்திருத்த வேண்டும் என்ற எண்ணம் மீண்டும் அவரைப் பிடித்து ஆட்டியது. உறக்கமின்றித் திட்டங்கள் எழுதிக் குவித்தார். இது ஆர்வமா, நோயா? வீட்டாரின் கவலையைக் கேட்ட பியர்ஸ், 1905 ஜனவரியில் தாமாகவே ஹார்ட்ஃபர்ட் மருத்துவமனைக்குத் திரும்பி ஏறத்தாழ ஒரு மாதம் தங்கினார். முன்பு தம்மைக் கட்டிப்போட்ட இடம் அது என்பது குறிப்பிடத்தக்கது. வெளியே வந்த பிறகும் அத்திட்டத்தை அவர் கைவிடவில்லை. நோய் தணிந்த பிறகும் நிலைத்து நின்ற எண்ணம் என்பதால், அது நோயின் விளைவு மட்டுமல்ல என்று கொள்ளத் தோன்றுகிறது. நூல் எழுதும் வேலை அந்த ஆண்டே தொடங்கியது. கிளினிக்குக்குப் போகும் நாளை நான் இப்போதெல்லாம் யாரிடமும் மறைப்பதில்லை என்றால், அதற்கு இந்த ஒரு மாதமே காரணம்.

உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் கையெழுத்துப் படியைப் படித்து ஆதரவளித்தார். 1908இல் நூல் பியர்ஸின் சொந்தப் பெயரிலேயே வெளிவந்தது. புனைபெயரில் வெளியிட்டிருந்தால் வேலைக்கும் திருமணத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதே ஆண்டில் கனெடிகட்டிலும், 1909இல் நாடு முழுமைக்கும் மனநலக் கழகங்கள் தோன்றின. தேசியக் கழகத்தின் செயலாளராக முப்பதாண்டுகள் பணியாற்றியவர் பியர்ஸே. இதற்கு எதிர்ப்பு எழாமல் இல்லை. 'மனச் சுகாதாரம்' என்ற பெயரைத் தந்து உதவிய மருத்துவர் அடால்ஃப் மேயரே, இயக்கத்தை மருத்துவர்கள்தாம் நடத்த வேண்டும் என்று முரண்பட்டு விலகினார். பியர்ஸும் விட்டுக்கொடுக்கும் குணம் உடையவர் அல்லர். தொடக்கத்தில் கடன் வாங்கித்தான் கழகத்தை நடத்தினார். 1913இல் நியூ ஹேவனில், மருத்துவமனையில் தங்காமலே வந்து போகக்கூடிய மனநலக் கிளினிக்கைத் தொடங்கினார். 1930இல் வாஷிங்டனில் நடந்த முதல் அனைத்துலக மனச் சுகாதார மாநாடு அவரது உழைப்பின் உச்சம். அவர் தொடங்கிய அனைத்துலகக் குழுவின் வழிவந்த உலக மனநலச் சம்மேளனம்தான், 1992 முதல் அக்டோபர் 10ஆம் நாளை மனநல நாளாகக் கொண்டாடி வருகிறது. நம் வளாகத்தில் அன்று பச்சை ரிப்பன் அணிந்தவர்களுக்கு இந்தத் தொடர்பு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அவ்வியக்கத்தில் குறைகளும் இருந்தன. மனநோய் பரம்பரையாக வருவது, நோயுற்றோர் பிள்ளை பெறக்கூடாது என்ற அக்காலக் கருத்து அதற்குள்ளும் புகுந்திருந்தது. 1912இல் மணம் புரிந்த பியர்ஸும் அவர் மனைவியும் பிள்ளை வேண்டாம் என்றே முடிவு செய்தார்கள். பிறரது அச்சத்தைப் போக்க உழைத்தவர் தம் அச்சத்தை முழுதும் கடக்கவில்லை.

1939இல் பழைய நோய் திரும்பியது. பியர்ஸ் பணியிலிருந்து விலகி, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பட்லர் மருத்துவமனையில் தாமாகவே சேர்ந்தார். 1943 ஜூலை 9ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் செயலாளராக இருந்த தேசியக் கழகம் அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தது. நியூ ஹேவன் கிளினிக்கிலும் நோயாளிகள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.