சோற்றின் சத்தை ஆராய்ந்த குன்னூர் டாக்டர்

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு போன்ற நெல் விளையும் ஊர்களில், மூன்று வேளையும் சோறு இருந்தால் உடம்புக்குக் குறைவில்லை என்றே பலரும் நினைக்கிறோம். வயிறு நிறைவது வேறு, சத்து சேர்வது வேறு என்று நம் நீலகிரியிலிருந்தே எடுத்துக் காட்டியவர் டாக்டர் ராபர்ட் மெக்காரிசன்.

1878-ல் அயர்லாந்தில் பிறந்த அவர், பெல்ஃபாஸ்ட்டில் மருத்துவம் படித்துவிட்டு 1901-ல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். வடக்கே கில்கிட்டில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே ஹன்ஸா பள்ளத்தாக்கு முஸ்லிம் மக்களின் உடல் வலிமை அவரை வியக்க வைத்தது. முழுத் தானியம், காய்கறி, பழம், பால், எப்போதாவது இறைச்சி. இவைதான் அவர்களின் உணவு.

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். கால்கள் மரத்து, வீங்கி, இதயம் பலவீனமாகி உயிரையே பறிக்கும் நோய் அது. தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் கிடைக்காததே காரணம். ஆலையில் தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்தவர்களை அது அதிகம் தாக்கியது. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள்.

1923-ல் அரசின் சிக்கன நடவடிக்கையால் ஆய்வு நிறுத்தப்பட்டது. அவர் விடவில்லை, 1925-ல் மீண்டும் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் உணவில் எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமான சென்னை மாகாண உணவில் வளர்ச்சி மிகவும் குறைந்தது.

1933-ல் சர் பட்டம் பெற்றார், 1935-ல் ஓய்வு பெற்றார், 1960-ல் காலமானார். குன்னூரில் அவர் வளர்த்த ஆய்வுக்கூடம் பின்னர் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இயங்குகிறது.

அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் செலவில்லாதது. அரிசி பளபளவென்று வெள்ளையாக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். பலமுறை தேய்த்துக் கழுவாதீர்கள். வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாதீர்கள். தட்டில் சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பு, கீரை, காய், மோர் ஆகியவற்றுக்கு இடம் கொடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம்.