வெள்ளம் கற்பித்த அச்சம்

ருஷ்ய தேசத்து விஞ்ஞானி இவான் பாவ்லோவ் என்றதும், மணியோசை கேட்டு எச்சில் ஊறும் நாயையே பலரும் நினைப்பர். அப்பெரியாருடைய வாழ்வில் அதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரையுள்ள நம் கடற்கரை மக்கள் அதை அறிவது அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

பாவ்லோவ் 1849-ம் ஆண்டில் ரியாஸான் நகரில் ஒரு பாதிரியாரின் குமாரராகப் பிறந்தார். மதக் கல்வி பயின்றும் உள்ளம் விஞ்ஞானத்தையே நாடியதால், 1870-ல் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றார். உணவு வாயிற் படுமுன்னரே, அதைக் கொணர்வோனைக் கண்ட மாத்திரத்தில் நாய்க்கு எச்சில் சுரப்பதை அவர் கவனித்தார். பிறர் அற்பமென்று தள்ளியிருக்கக்கூடிய இவ்விஷயத்துக்கே தம் பிற்கால வாழ்வை அர்ப்பணம் செய்தார். தாளக்கருவியின் ஒலியை உணவோடு பன்முறை சேர்த்தளித்தால், பின்னர் ஒலி மட்டுமே எச்சிலை வருவிக்கும். உணவின்றி ஒலியையே திரும்பத் திரும்ப எழுப்பினால் அது படிப்படியாகத் தேய்ந்துவிடும். புளியங்காயைக் கண்டதும் நம் நாவில் நீர் ஊறுவதும் இவ்வகையே. நாய்களை அறுத்துக் குழாய் பொருத்திய கொடுமையையும் நாம் மறைப்பதற்கில்லை.

1924 செப்டம்பரில் நீவா நதியின் வெள்ளம் லெனின்கிராட் நகரிற் புகுந்தது. கூண்டுகளில் சிக்கித் தத்தளித்த நாய்களை ஊழியர்கள் நீந்தச் செய்து மீட்டனர். பிழைத்தவற்றுள் சிலவற்றிடம் பயின்ற பழக்கங்கள் மறைந்தன. தாளக்கருவி ஒலித்தும் எச்சில் ஊறவில்லை. எதிரே வைத்த உணவையும் தொடவில்லை. பழகிய ஆராய்ச்சியாளர் ஒருவர் அறையில் உடன் அமர்ந்தபோதோ பழைய நிலை திரும்பிற்று! நாளடைவில் தேறிய நாயின் அறைக்குள், கதவின் கீழாகச் சிறிது நீரைக் கசியவிட்டனர். அவ்வளவே, நாய் மீண்டும் கலங்கிற்று.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கிற்று. தலைமுறை தலைமுறையாக அலையோசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கும் அதே ஓசை அன்றுமுதல் அபாயத்தின் அறிகுறியாயிற்றென்றால், அவர்களைக் கோழைகள் என்பது எவ்வளவு பேதைமை! உடல் ஒரே நாளில் கற்ற பாடம் அது. அத்தகையோரைத் தனியே கடலை எதிர்கொள்ளச் சொல்வதைவிட, பழகியவர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருப்பதே மேல்.

பாவ்லோவின் விருப்பப்படி 1935-ல் அவரது ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. மறுவருஷம் பிப்ரவரி 27-ல், தமது 86-வது வயதில், அவர் காலமானார்.