திருகுப் புரிகளுக்கு ஒழுங்கு தந்தவர்

மெல்லிய கம்பியொன்றின் விட்டத்தை நுண்மானித் திருகுக் கணிச்சியால் அளக்கப் பழகியபோது, ஒரு திருகுக்கு இத்தனை நுட்பம் எப்படி வந்தது என்று வியந்தேன். அந்த வியப்பே சேர் ஜோசப் விட்வேர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளரின் வாழ்க்கையை வாசிக்க என்னைத் தூண்டியது.

அவர் 1803 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஸ்டொக்போர்ட் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். உறவினரின் பருத்தி ஆலையில் தொழில் பழக விடப்பட்டாலும், அவரது மனம் இயந்திரங்களிலேயே லயித்தது. பின்னர் இலண்டன் சென்று ஹென்றி மோட்ஸ்லேயின் பட்டறையில் பணியாற்றினார்.

திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தியவர் மோட்ஸ்லே. அதில் உலோகத் தண்டு சுழலும்போது, வழிநடத்தும் திருகொன்று வெட்டும் உளியைச் சீராக நகர்த்தும். ஒரு சுற்றில் உளி நகரும் தூரமே புதிய திருகின் புரியிடைத் தூரமாகும். வழிநடத்தும் திருகில் பிழையிருந்தால், வெட்டப்படும் திருகுகளிலும் அப்பிழை பதிந்துவிடும்.

1833 இல் விட்வேர்த் மன்செஸ்டரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அக்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படியே புரி வெட்டியது. ஓரிடத்தில் செய்த ஆணிக்கு இன்னோரிடத்துச் சுரை பொருந்தாது. அவர் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து, அளந்து, சராசரி கண்டு, 1841 இல் ஒரு பொது முறையை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. கால் அங்குல ஆணியில் அங்குலத்துக்கு 20 புரிகள். அரை அங்குல ஆணியில் 12. ஓர் அங்குல ஆணியில் 8. தன் அளவைப் பிறர்மேல் திணிக்காமல், எல்லோருடைய அளவுகளிலிருந்தும் பொது அளவைக் கண்டதே என்னை மிகவும் கவர்ந்தது.

பொது அளவு இருந்தால் மட்டும் போதாது; அதைச் சரிபார்க்கவும் வேண்டும். அவர் அமைத்த அளவு இயந்திரத்தின் திருகில் அங்குலத்துக்கு 20 புரிகள். அதைச் சுழற்றும் சக்கரத்தில் 200 பற்கள். கைச்சக்கரத்தில் 250 பிரிவுகள். பெருக்கிப் பாருங்கள், பத்து இலட்சம் வரும். ஒரு பிரிவு நகர்ந்தால், அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு!

1868 இல் பொறியியல் கற்போருக்காக ஆண்டுக்கு 100 பவுண் வீதம் 30 புலமைப்பரிசில்களை நிறுவினார். 1887 இல் மறைந்தார்.

முன்பின் அறியாத இருவர் வெவ்வேறு ஊர்களில் செய்த ஆணியும் சுரையும் பொருந்த வேண்டுமானால், இருவரும் அளவில் நேர்மையாக இருக்க வேண்டும். தோழியரே, ஆய்வுகூடத்தில் வாசிப்பைக் குறிக்கும்போது கடைசித் தசம இலக்கத்தையும் அலட்சியம் செய்யாதிருப்போம்.