குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பு, ஒரு தாவரத்தின் வாரிசு அன்று. தடித்து இனிக்கும் கரும்பும் ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலும் கலந்து பிறந்தது அது. அதன் ஒவ்வோர் உயிரணுவிலும் நூறுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் உள்ளன. அந்தக் கலப்பின் கணக்கை நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர், தாவர மரபியலாளர் ஈ.கே. ஜானகி அம்மாள்.

1897-ஆம் ஆண்டு தலச்சேரியில் பிறந்த அவர், சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, பார்பர் கல்வி உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார், 1931-இல் முனைவரானார். பெண்களுக்குத் தொடக்கக் கல்வியே எட்டாதிருந்த காலம் அது.

1934-இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கரும்பின் உறவுத் தாவரங்களைத் திரட்டி, அவற்றின் குரோமோசோம்களை எண்ணினார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து அவர் உருவாக்கிய தாவரம் பற்றிய குறிப்பு 1938-இல் நேச்சர் இதழில் வெளியானது. ஆயினும், ஆண்கள் நிறைந்த அந்நிலையத்தில் தனித்து வாழ்ந்த பெண்ணான அவருக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 1939-இல் மாநாட்டுக்காகப் பிரிட்டன் சென்றார். உலகப் போர் மூண்டதால் அங்கேயே தங்கி, ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்தார். சி.டி. டார்லிங்டனுடன் இணைந்து அவர் எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பேடு 1945-இல் வெளிவந்தது. பின்னர் விஸ்லி தோட்டத்தில் ஆய்வு செய்தார். அங்குள்ள மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்தாலோ, இரு இனங்களின் தொகுதிகள் ஓர் உயிரணுவில் சேர்ந்தாலோ என்ன நேரும் என்பதே அவருடைய வாழ்நாள் வினா. அதற்கான விடையின் ஒரு பகுதி, அவர் காலத்துக் கருவிகளால் காண இயலாததாக இருந்தது. டி.என்.ஏ.வின் சைட்டோசின் என்னும் எழுத்தின்மீது மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொள்கிறது. எழுத்து மாறுவதில்லை, ஆனால் பல இடங்களில் அந்த மரபணு வாய்மூடிவிடுகிறது. இரு தொகுதிகள் கலக்கும்போது இந்த ஒட்டுக்குறிகளின் அமைப்பும் கலைந்து மாறுகிறது. ஒரே மரபணுக்களைச் சுமந்தும் செடிகள் வெவ்வேறாக வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பைசல்பைட் என்னும் வேதிப்பொருள், மெத்தில் ஒட்டாத சைட்டோசினை மட்டும் வேறெழுத்தாக மாற்றிவிடும். மாறாமல் எஞ்சியவை குறி தாங்கியவை என அறியலாம். இம்முறையில் ஒரு தாவரத்தின் மரபணுத்தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாக ஆராய்ந்த முடிவுகள் 2008-இல் வெளியாயின. அதற்கு எடுத்துக்கொண்டது அராபிடாப்சிஸ் என்ற சிறு செடி. பல தொகுதிகள் பின்னிக் கிடக்கும் கரும்போ மிகக் கடினமானது. இன்றைய கலப்பினக் கரும்பு ஒன்றின் மரபணுத்தொகுதி விரிவாக வாசிக்கப்பட்டு வெளியானதே 2024-இல்தான்.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டார். உணவு உற்பத்திக்காகக் காடுகளை அழிப்பதும், பழங்குடியினரின் தாவர அறிவைப் புறக்கணிப்பதும் அவரைக் கவலையுறச் செய்தன. 1970 முதல் சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில் பணிபுரிந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். முதுமையிலும், நீர்மின் திட்டத்திலிருந்து கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7-இல் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அவருடைய ஆய்வும் போராட்டமும் வேறு வேறல்ல. பயிரின் காட்டு உறவுகள் அழிந்துவிட்டால், எத்தனை நுட்பமான கருவியிருந்தும் வாசிப்பதற்கு ஏதும் இராது. ஆற்றங்கரைகளைச் செப்பனிடும்போது நாணலைக் களையென்று வேரோடு பிடுங்குகிறோம். கரும்புக்கு நோய் தாங்கும் வலிமையைத் தந்தது அந்தக் களைதான். மரபணு ஆய்வகங்களுக்கு நிதி ஒதுக்கும் அரசுகள், அந்த ஆய்வகங்களுக்கு மூலப்பொருள் தரும் கரைகளையும் காடுகளையும் காக்க வேண்டும். ஜானகி அம்மாளுக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை அதுவே.