திண்ணையில் காத்திருந்த நந்தன் சரித்திரம்

காவிரியின் கடைமடைப் பகுதியில், நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் சிற்றூரில், 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். இசைவாணர் மரபில் வந்த அந்தணர். இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், கோயில் மடைப்பள்ளியில் சமையல் செய்து வாழ்ந்த காலமும் உண்டு. முடிகொண்டானில் வாழ்ந்தமையால் முடிகொண்டான் பாரதியார் என்றும் அழைக்கப்பெற்றார். மாயூரத்தில் கோவிந்தசிவம் என்பாரிடம் வேதாந்தமும் யோக நெறியும் பயின்றார். திருவிடைமருதூரில் இராமதாசரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். திருமணம் செய்துகொள்ளாமல், ஆனந்ததாண்டவபுரத்திலும் மாயூரத்திலும் அன்பர்கள் ஆதரவில் எளிய வாழ்வு வாழ்ந்தார். திருவையாறு சென்று தியாகராச சுவாமிகளைக் கண்டு அளவளாவிய பெருமையும் அவருக்கு உண்டு.

இத்தகைய இசைப்புலவர் ஒருவர் நூல் இயற்றினால் அதனை மதிப்பிட்டு உரைப்பவர் யார் என்பது அக்காலத்தில் எளிய கேள்வியன்று. இன்று மதிப்புரை என்றும் அணிந்துரை என்றும் வழங்குவன, அன்று சிறப்புப்பாயிரம் என்றும் சாத்துகவி என்றும் வழங்கின. தன் நூலைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் முறையன்று என்பது நன்னூலார் கொள்கை. ஆகவே ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுடைய உரையாசிரியர் ஆகிய நால்வருக்கே பாயிரம் கூறும் உரிமையை அவர் வகுத்தார். பாரதியாரின் ஆசிரியர்களோ வேதாந்திகளும் இசைவாணர்களும் ஆவர். தமிழ்ப் புலவர் குழாத்தில் அவருக்காகப் பேச உரிமையுடையார் எவரும் இலர். நன்னூல் வகுத்த நால்வருக்கும் வெளியே நின்று ஓர் ஒப்புதலை நாட வேண்டிய நிலை அவருடையது.

அவர் எடுத்துக்கொண்ட பொருளும் எளிதில் ஒப்புதல் பெறத்தக்கதன்று. திருநாளைப்போவார் வரலாற்றைச் சேக்கிழார் 37 பாடல்களில் பாடியுள்ளார். ஆதனூரில் தீண்டாமைக்கு ஆட்பட்ட குலத்தில் பிறந்த அடியவர், நாளைப் போவேன் என்று நாள்தோறும் ஏங்கி, இறுதியில் தில்லை சென்று தீயினுள் மூழ்கி எழுந்து கூத்தன் திருவடி சேர்ந்த வரலாறு அது. பாரதியார் அதனைக் கீர்த்தனை, கண்ணி, நொண்டிச்சிந்து, விருத்தம் முதலியவை விரவிய இசைக்கதையாக விரித்தார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பாத்திரத்தையும் படைத்தார். நந்தனை ஆளும் நிலக்கிழாராகிய வேதியரே அவர். தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுப் போ என்று வேதியர் ஆணையிடுகிறார். ஒரே இரவில் இறையருளால் அது நிறைவேறுகிறது. காவிரிப் படுகையின் பண்ணை வாழ்வை அறிந்த கேட்போருக்கு இவ்வேதியர் கற்பனையாகத் தோன்றியிருக்க இயலாது. அவர் கண்முன்னே நடமாடியவரே ஆவர். பாரதியாரும் வேதியர் குலத்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கேட்டோர் உருகினர், புலவர் உருகவில்லை. அக்காலத்தில் தமிழுலகில் தலைமை பெற்று விளங்கியவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-இல் பிறந்து 1876-இல் மறைந்த அவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் எண்ணற்ற மாணாக்கர்களுக்குத் தமிழ் கற்பித்தவர். தலபுராணங்கள் பல பாடியவர். அவர் மாயூரத்தில் வாழ்ந்த நாளில், நந்தன் சரித்திரத்திற்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் அவர் இல்லம் சென்றார். பிள்ளையவர்களுக்கு இரு தடைகள் இருந்தன. நூலில் இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன என்பது ஒன்று. கதை பெரியபுராணத்தினின்றும் வேறுபட்டிருந்தது என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆதலின் அவர் பாயிரம் தரவும் இயலாமல், வயது முதிர்ந்த இசைப்புலவரிடம் மறுத்துரைக்கவும் மனம் வராமல், நாளைக் கடத்தினார். பாரதியாரோ சளைக்காமல் மீண்டும் மீண்டும் வந்தார். நாளைப் போவார் கதையைப் பாடியவருக்கும் நாளை என்பதே விடையாயிற்று.

ஒரு நாள் நண்பகலில் பாரதியார் சென்றபோது பிள்ளையவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப விரும்பாத பாரதியார் திண்ணையில் அமர்ந்து, தில்லைக் கூத்தனைக் காணும் ஏக்கத்தைக் கூறும் தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குத் தாமே மெல்லப் பாடத் தொடங்கினார். விழித்தெழுந்த பிள்ளையவர்கள் உள்ளிருந்தவாறே அதனைக் கேட்டார். ஏட்டில் பிழையாகக் கண்ட சொற்கள் இசையோடும் பக்தியோடும் செவியில் விழுந்தபோது வேறு பொருள் கொண்டன. உள்ளம் கனிந்த அவர், இத்துணை நாள் அலைக்கழித்தமைக்கு வருந்திச் சிறப்புப்பாயிரம் அளித்தார். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தார் அறியச் செய்தவர், பிள்ளையவர்களின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையர் ஆவார்.

மற்றொரு மதிப்பீடு காரைக்காலிலிருந்து வந்தது. தஞ்சை மன்னரிடமிருந்து 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், நாகப்பட்டினத்தினின்றும் ஓரிரவுப் பயணத்தில் எட்டத்தக்க தொலைவிலேயே உள்ளது. பாரதியாரின் கதை நாகப்பட்டினத்தில் இரவுதோறும் நடந்தபோது காரைக்கால் அலுவலர்களும் அங்குச் சென்று கேட்டனர் என்றும், மறுநாள் அலுவலகத்தில் அவர்கள் தூங்கி விழுவதைக் கண்ட சிசே என்னும் பிரெஞ்சு அதிகாரி காரணம் வினவி நந்தன் சரித்திரத்தைப் பற்றி அறிந்தார் என்றும் கூறுவர். உழைத்துக் களைத்தவரையும் இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த நூலுக்கு அதனினும் மேலான பாயிரம் வேண்டுவதில்லை. அவர் துணையால் 1861-ஆம் ஆண்டளவில், பாரதியார் வாழ்ந்த காலத்திலேயே, நூல் அச்சேறியது. காரைக்கால் தந்த புனிதவதியாரின் வரலாற்றையும் பாரதியார் இசைக்கதையாகப் பாடியவர் என்பதால், இவ்வூருக்கும் அவருக்கும் உள்ள உறவு இருவழிப்பட்டதாகும்.

மக்கள் செவி கொடுத்தபின், அச்சும் கைகூடும் நிலையில், பாரதியார் ஏன் ஒரு புலவரின் திண்ணையில் காத்திருந்தார்? புகழ் வேட்கை எனக் கொள்வதற்கு அவரது துறவு மனப்பான்மை இடந்தரவில்லை. கூட்டத்தின் கண்ணீர் தம் குரலுக்கு உரியதோ, நந்தன் பெருமைக்கு உரியதோ, தம் சொல்லுக்கு உரியதோ என்று படைப்பாளியால் பிரித்தறிய இயலாது. சொல்லை மட்டும் நிறுக்கவல்ல ஒருவர் வாய்ச்சொல்லை அவர் நாடியமைக்கு அதுவே காரணமாதல் கூடும். பிழை காண வல்லவர் தரும் ஒப்புதலுக்கே எடையுண்டு. முகமனுக்காக முதல் நாளே பாயிரம் எழுதித் தந்திருந்தால், பிள்ளையவர்களின் மதிக்கத்தக்க தயக்கம் நமக்குத் தெரிந்திராது, பாயிரமும் மறக்கப்பட்டிருக்கும்.

எனினும் அவ்வொப்புதல் இயலுக்கும் இசைக்கும் இடைப்பட்ட சுவரைத் தகர்த்துவிடவில்லை. 1871-இல் மாயூரத்தில் பயின்ற சாமிநாதையர், பாரதியாரிடம் இசை கற்கத் தொடங்கினார். இசையில் மனம் சென்றால் இலக்கியப் பயிற்சி குன்றும் என்று பிள்ளையவர்கள் கருதியதால் அதனைக் கைவிட நேர்ந்தது. ஒரு பாடலுக்கு நெகிழ்ந்தவர் தம் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

காலம் தன் தீர்ப்பைத் தனியே எழுதிற்று. நந்தன் சரித்திர மெட்டுகளில் சுப்பிரமணிய பாரதியார் தேசியப் பாடல்கள் புனைந்தார். 1935-இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகத் தோன்றினர். பாரதியார் படைத்த வேதியர், சேக்கிழார் கதையிலேயே இருந்தவர் போலத் தமிழர் நெஞ்சில் நிலைத்துவிட்டார். அன்று குறையாகக் கருதப்பட்ட மாறுபாடே இன்று அந்நூலின் உயிராகப் போற்றப்படுகிறது.

தம் நூலைக் கையிலேந்தி ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் கவிஞர் இன்றும் பலர். அவர்களுக்குப் பாரதியாரின் பொறுமை துணையாகும். ஆனால் அவ்வரலாறு திண்ணையில் இருந்தவருக்கு மட்டும் உரியதன்று; உள்ளே இருந்தவருக்கும் உரியது. பிள்ளையவர்கள் அன்று செய்தது எழுந்து வந்து பாராட்டியதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. அவர் முழுப் பாடலையும் கேட்டார். கவிஞர் கூடும் அவைகள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளத்தக்க முதல் உதவி அதுவேயாகும்.