கேட்டுத் தெளிந்த பெருமகன்

திருத்தக்கதேவர் அருளிய சீவகசிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சேறியது 1887ஆம் ஆண்டில். பதிப்பித்தவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் (1855–1942). சைவ மடத்துச் சூழலில் தமிழ் பயின்ற அப்பெரியார், சமண காவியம் ஒன்றை நாட்டுக்கு அளித்த வரலாறு வினாக்களால் நடந்தேறிய வரலாறாகும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கரான ஐயர், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவ்வூர் முன்சீபு சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறார் என்று முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என ஐயர் நெடிய வரிசையொன்றை உரைத்தார். முதலியார் வியக்கவில்லை. இவற்றிற்கெல்லாம் முற்பட்ட சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றைப் படித்ததுண்டோ என்று கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. நூல் கிடைத்தால் பயில்வேன் என்றார். முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றை அளித்துப் பாடமும் கேட்கத் தொடங்கினார்.

படிக்கப் படிக்க ஐயங்கள் பெருகின. சொற்களுக்கு உரை துணைநின்றது. சமண சமயக் கருத்துகளோ விளங்கவில்லை. கல்லூரி ஆசிரியர் ஊகித்து உரைத்தால் மறுப்பார் எவருமிலர். ஆயினும் ஐயர் ஊகத்தை நாடவில்லை; இதனை அறிந்தவர் யார் என்று விசாரித்தார். அவ்வூரிலேயே சமணர் வாழ்வதை அறிந்து, சந்திரநாத செட்டியார் இல்லத்தை அடைந்தார்.

அங்கே விழாக்கோலம் பொலிந்தது. காரணம் கேட்டபோது, சிந்தாமணியைப் படித்து நிறைவுசெய்த நாள் அது என்று தெரிந்தது. புலவர்க்கு விளங்காத நூல், ஓர் இல்லத்தில் வழிபாட்டோடு ஓதப்பெற்று வந்தது! அன்று முதல் ஐயர் அங்கே சென்று தம் ஐயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். வீடூர் அப்பாசாமி நயினாரிடமும் தெளிவு பெற்றார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட அவ்வீட்டு அம்மையார், இவரும் பவ்விய ஜீவன் போலும் என்று கருதி மகிழ்ந்தார். வீடுபேற்றுக்கு உரிய உயிர் என்னும் அவ்வுரையை ஐயர் பெருஞ்சிறப்பாகப் போற்றினார்.

மற்றொரு வினாவும் அவரை வருத்தியது. நச்சினார்க்கினியர் பெயர் சுட்டாமல் காட்டும் மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தவை? அதற்கு விடை தேடியபோது சங்க நூல்கள் வெளிப்பட்டன. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அச்சாயின. செட்டிநாட்டை அடுத்த மிதிலைப்பட்டியில் அழகிய சிற்றம்பலக் கவிராயர் இல்லத்திலிருந்து கிடைத்த ஏடு, மணிமேகலைப் பதிப்புக்குப் பெரிதும் உதவியது.

ஐயர் மேற்கொண்ட முறை எளியது. விளங்காத இடம் இன்னதென்று முதலில் வரையறுத்தார், பின்னர் அதனை வாழ்வில் கைக்கொண்டோரிடம் சென்றார், கேட்பதற்கு நாணவில்லை. விடையளித்த நம் முன்னோரும் வேற்றுச் சமயத்தவர் என்று விலக்காமல், அறிந்ததை மனமுவந்து வழங்கினர். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் சிந்தாமணியின் பொருள் பல இடங்களில் இருளிலேயே நின்றிருக்கும்.

இன்றும் நம் இல்லங்களில் ஓதும் மரபறிந்த முதியோர் உளர். நோன்பின் பொருளையும் தோத்திரத்தின் பொருளையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டறிதல் இளையோர் கடன். சந்திரநாத செட்டியாரைப் போலக் கதவைத் திறந்து வைத்தல் பெரியோர் கடன்.