பந்து பிடித்த கை பேனா பிடித்தது

மாலை வேளையில் தோட்டத்துத் திடலில் பந்து உருண்டால், வேடிக்கை பார்க்க நில்லாதவர் நம்மில் எவர்? ரப்பர்த் தோட்டமாயினும் செம்பனைத் தோட்டமாயினும், நெகிரி செம்பிலான் பிள்ளைகள் பலருக்கு முதல் ஆசை காற்பந்தே. அவ்விளையாட்டில் உயிரையே வைத்திருக்கும் இளைஞன் ஒருவனிடம், இனி நீ ஆடலாகாது என்று மருத்துவர் கூறிவிட்டால் அவன் என் செய்வான்? பதினேழாம் வயதில் அந்நிலைக்கு ஆளாகி, பின்னர் உலகப் புகழ் எய்திய எழுத்தாளர் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அவர் பெயர் ஆல்பெர் காம்யு.

பிறப்பும் வறுமையும்

காம்யு 1913ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள், வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியா நாட்டில், மொந்தோவி என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாடு அக்காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. தந்தையார் திராட்சைத் தோட்டமொன்றின் கிடங்கில் வேலை பார்த்த தொழிலாளி. ஆகவே காம்யுவும் நம்மைப் போல் தோட்டத்தில் பிறந்தவரே. 1914இல் முதல் உலகப் போர் மூண்டது. போர்முனைக்குச் சென்ற தந்தையார் காயமுற்று, அவ்வாண்டு அக்டோபரில் உயிர் நீத்தார். குழந்தைக்கு அப்போது ஓர் அகவைகூட நிரம்பவில்லை.

தாயார் தம் இரு ஆண்மக்களுடன் அல்ஜியர்ஸ் நகரில், பெல்கூர் என்னும் தொழிலாளர் பகுதியில், தம் அன்னையார் வீட்டில் வாழ்ந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதும் சரிவரக் கேளாது. பிறர் வீடுகளைக் கூட்டித் துடைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். மின்விளக்கும் குழாய்நீரும் இல்லாத அவ்வீட்டில் படிப்பதற்கு ஒரு புத்தகமும் இல்லை.

ஆசிரியர் காட்டிய வழி

தொடக்கப்பள்ளியில் காம்யுவுக்கு வாய்த்த ஆசிரியர் லூயி ஜெர்மேன். மாணவரின் அறிவுக்கூர்மையைக் கண்ட அவர், உதவிச் சம்பளத் தேர்வுக்காகக் கட்டணமின்றித் தனியே பாடம் சொல்லிக் கொடுத்தார். பாட்டியாரோ, பையன் இனி வேலைக்குப் போய் நாலு காசு சம்பாதிக்க வேண்டும் என்று எண்ணியிருந்தார். வறுமையில் வாடும் குடும்பத்தில் அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஆசிரியர் நேரே வீட்டிற்கு வந்து, படிப்பின் பயனை எடுத்துரைத்துப் பாட்டியாரை இணங்கச் செய்தார். 1924இல் காம்யு உதவிச் சம்பளத்துடன் இடைநிலைப்பள்ளியிற் சேர்ந்தார்.

காற்பந்தும் காசநோயும்

இடைநிலைப்பள்ளிக் காலத்தில் காற்பந்தே அவருக்கு எல்லாம். விளையாடினால் காலணி தேயும் என்று பாட்டியார் அதனைத் தடுத்ததையும், மாலைதோறும் காலணியின் அடிப்பாகத்தைப் பார்வையிட்டதையும், தம் வாழ்வைத் தழுவி எழுதிய 'முதல் மனிதன்' என்னும் நாவலில் அவர் விவரித்துள்ளார். கண்டிப்பையும் மீறி ஆடிய அவர், அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகக் காற்பந்துக் கழகத்தின் இளையோர் குழுவில் கோல் காவலராக விளங்கினார்.

1930ஆம் ஆண்டு. காம்யுவுக்கு வயது பதினேழு. இருமலுடன் இரத்தம் வந்தது. சோதித்த மருத்துவர்கள் காசநோய் என்றனர். அந்நோயை முறிக்கும் முதல் மருந்தான ஸ்திரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஓய்வும் நல்லுணவும் தூய காற்றுமே அன்றைய முக்கிய மருத்துவம். காற்பந்து அன்றோடு முடிந்தது. பள்ளிப் படிப்பும் தடைப்பட்டது.

புதிய ஆர்வம்

அவ்வேளையில் இருவர் துணை நின்றனர். ஒருவர் தாயாருடன் பிறந்தவளின் கணவர். இறைச்சிக் கடை நடத்தியவர். நோயாளிக்கு ஊட்டமான உணவு தேவை என்று உணர்ந்து அவரைத் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். அவ்வீட்டில் நல்ல நூல்கள் நிறைந்த அலமாரியும் இருந்தது. மற்றொருவர் தத்துவப் பாட ஆசிரியர் ழான் கிரெனியே. வகுப்புக்கு வாராத மாணவரைத் தேடி பெல்கூர் வீட்டிற்கே சென்று நலம் விசாரித்தார். நூல்களைப் படிக்கவும், எண்ணியதை எழுதவும் ஊக்கினார்.

திடலில் ஓட இயலாத இளைஞர் நூலுக்குள் நுழைந்தார். 1932இல் அவருடைய முதற் கட்டுரைகள் ஒரு சிறு திங்களிதழில் வெளிவந்தன. 1937இல் முதல் நூல் வெளியாயிற்று. எனினும் நோய் அவரை விட்டபாடில்லை. 1938இல், உடல்நலம் போதாது என்று அரசாங்க ஆசிரியர் பணிக்குரிய தேர்வில் அமரவும் அனுமதி மறுக்கப்பட்டது. மீண்டும் ஒரு கதவு அடைபட்டது. அவர் செய்தியாளரானார். 1939இல் அல்ஜீரியாவின் கபிலியா மலைநாட்டிற்குச் சென்று, அங்குள்ள மக்களின் பசியையும் அற்பக் கூலியையும் கண்டு தொடர் கட்டுரைகள் எழுதினார். வறுமையில் வளர்ந்தவருக்கு வறியோரின் துயர் புரிந்தது.

1942இல் 'அந்நியன்', 1947இல் 'கொள்ளைநோய்' ஆகிய நாவல்கள் வெளிவந்து அவர் புகழை நிலைநாட்டின. 1957இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிட்டியது. செய்தி வந்ததும் தாயாரை அடுத்து அவர் நினைத்தது தொடக்கப்பள்ளி ஆசிரியரை! ஜெர்மேனுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். பரிசையொட்டி ஆற்றிய உரைகளை நூலாக்கி அவருக்கே காணிக்கையாக்கினார். காற்பந்தையும் அவர் மறக்கவில்லை. மனிதருக்குரிய ஒழுக்கத்தையும் கடமையையும் விளையாட்டே தமக்குக் கற்பித்தது என்று பிற்காலத்தில் எழுதினார்.

1960 ஜனவரி 4ஆம் நாள், பிரான்சில் நேர்ந்த கார் விபத்தில் 46ஆம் வயதில் காம்யு மறைந்தார். முற்றுப் பெறாத 'முதல் மனிதன்' கையெழுத்துப் படி அவருடன் இருந்த பையிற் கிடைத்தது. அது 1994இல் நூலாக வெளிவந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

மாணவச் செல்வங்களே! கால் முறிந்தாலும் நோய் வந்தாலும் வருந்துவது இயல்பே. காம்யுவும் வருந்தினார். ஆனால் படுக்கையில் இருந்த நாள்களை அவர் வீணாக்கவில்லை. திடலுக்குச் செல்ல இயலாத நாளில் நூலகத்திற்குச் செல்லுங்கள். ஓவியமோ இசையோ எழுத்தோ, உங்கள் கைக்கு எட்டியதைத் தொடங்குங்கள்.

பெற்றோர்களே! காம்யு தம் முயற்சியால் மட்டுமே உயர்ந்தார் என்று நாம் எண்ணிவிடலாகாது. பாட்டியார் இணங்கினார், உறவினர் உணவும் நூலும் தந்தார், ஆசிரியர் இருவர் வீடு தேடி வந்தனர். அவர்களுள் ஒருவர் தவறியிருப்பினும் அவர் வாழ்வு எவ்வாறு ஆகியிருக்குமோ! அடிபட்டோ நோயுற்றோ ஒரு பிள்ளை வீட்டில் முடங்கினால், அவன் படிப்பு போயிற்று என்று கைவிடாதிருப்போம். பள்ளிக்குத் தெரிவிப்போம். அண்டை வீட்டுப் பிள்ளையாயினும் ஒரு நூலுடன் சென்று பார்ப்போம். நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கு அதுவே புதுவழி திறக்கும்.